இருக்கேன் மாப்ள

நெடுந்துறையில் இப்போதெல்லாம் பெண் பார்க்கப் போகிறவர்கள், பெண்ணுக்கு அண்ணன் தம்பி உண்டா என்று கேட்பதில்லை. படிப்பைக் கேட்கிறார்கள், பல்வரிசையைப் பார்க்கிறார்கள், பெண் வெளிநாடு போவாளா என்று விசாரிக்கிறார்கள். ஒரு காலத்தில் அண்ணன் தம்பிதான் முதல் கேள்வி. இல்லை என்று சொன்னால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

காரணம் இருந்தது. கடலுக்கடியில் முங்கிச் சங்கெடுப்பவனைக் குளியாள் என்பார்கள். அவன் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை மேலே வள்ளத்தில் ஒருவன் கையில். கீழே இருப்பவன் சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் போச்சு. ஆகவே அந்தக் கயிற்றை நெடுந்துறைக்காரன் அப்பனிடமும் கொடுக்கமாட்டான், கூடப்பிறந்தவனிடமும் கொடுக்கமாட்டான். பெண்டாட்டியின் அண்ணன் தம்பியிடம்தான் கொடுப்பான். கயிற்றை விட்டால் அறுவது அவன் சொந்தத் தங்கச்சியின் தாலி. இழக்க ஒன்று இருப்பவன்தான் இறுகப் பிடிப்பான் என்று ஊர் நம்பியது.

ஊர் சும்மா பேச்சுக்குச் சொன்னதை ரெமி என்கிற ரெமிஜியுஸ் பொறியியல் விதி என்று எடுத்துக்கொண்டான். அதை வைத்து ஒரு இயந்திரமும் செய்தான். படித்தவனாயிற்றே, சும்மா இருப்பானா?

அவன் கல்லூரியிலிருந்து திரும்பியபோது கடல் மாறியிருந்தது. தண்ணீர் சூடேறிச் சங்கு அற்றுப்போய், அந்த இடத்தைச் சொறி பிடித்துக்கொண்டது. ஜெல்லி மீனைக் கடற்கரையில் சொறி என்றுதான் சொல்வார்கள். அதில் பல சாதி உண்டு. பெரும்பாலானவை பட்டால் அரிக்கும், தடிக்கும், ஆளைக் கொல்லாது. புதிதாக வந்த கண்ணாடிச் சொறி வேறு ரகம். சதுரமாக, ஒரு சோப்புப் பெட்டி அளவுதான். தண்ணீரில் இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. நான்கு மூலையிலிருந்தும் நூல்கள் தொங்கும். நூல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். தோலில் பட்டதும் வெடித்து நஞ்சை ஏற்றும். நிறைய நூல் சுற்றிக்கொண்டால் சில நிமிஷங்களில் இதயம் நின்றுவிடும். அறுந்து மிதக்கும் நூல்கூடக் கொட்டும்.

இப்படிப்பட்ட கடலில் எவன் இறங்குவான்? இறங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. கரையில் நன்னீராலை வந்துவிட்டது. கடல் நீரை உறிஞ்சி உப்பை எடுத்து மூன்று மாவட்டத்துக்குக் குடிநீர் அனுப்புகிற ஆலை. அதன் உறிஞ்சுவாயில் ஒரு கம்பிச் சல்லடை. சொறிகள் கூட்டங்கூட்டமாக வந்து சல்லடையை அடைத்துக்கொண்டால் மதுரையில் குழாய் வறண்டுவிடும். நீரடி இயந்திரங்களை இறக்கிப் பார்த்தார்கள். அவற்றின் விசிறிகளிலேயே சொறி கூழாகிச் சுற்றிக்கொண்டது. கடைசியில் மனுசக் கைதான் என்று ஆகி, சங்குக் குளியாள்கள் சல்லடைக் குளியாள்கள் ஆனார்கள். உடம்பு முழுக்க இறுக்கச் சட்டை போட்டுக்கொண்டார்கள். ஆனால் கழுத்தும் உதடும் மணிக்கட்டும் எப்படியும் கொஞ்சம் வெளியே தெரியும். சொறிக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

அந்த வேலைக்குத்தான் ரெமி தன் பெட்டியைச் செய்தான். ஆலையின் காகிதங்களில் அதற்குத் ‘தானியங்கிக் கயிறுகாப்பான்’ என்று பெயர். ஊர் அதை மச்சான் பெட்டி என்றது. குளியாளின் மார்பில் கட்டிய நாடிப்பட்டை வழியாக அவன் இதயத்துடிப்பை அது கேட்கும். நாடி தடுமாறினால் மனுசன் சுண்டும் வரை காத்திருக்காது, தானே இழுத்துவிடும். கயிறு சல்லடையில் சிக்கி அவனை இழுக்க முடியாமல் போனால் இடுப்புக் கொக்கியைத் தானே திறந்து, அவனை மிதவைச் சட்டையோடு மேலே போகவிடும். குளியாளும் கையால் கொக்கியைத் திறந்துகொள்ளலாம்.

இதெல்லாம் எவனும் செய்யக்கூடியதுதான். ரெமியின் மூளை வேறு இடத்தில் வேலை செய்தது. பெட்டிக்கும் இழக்க ஒன்று வேண்டும் என்று நினைத்தான். ஒவ்வொரு இறக்கத்திலும் பெட்டி புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளும். துறையில் எத்தனை பெட்டி நின்றாலும் அவற்றுக்கு நினைவு ஒன்றுதான். கயிற்றில் மாட்டியிருக்கும்போது ஒரு குளியாளின் நாடி நின்றால், அந்த நொடியே அந்த நினைவு முழுக்க அழிந்துபோகும். பெட்டி மறுபடி ஒன்றும் தெரியாத வெற்று இரும்பாகிவிடும். இதற்கு அவன் ‘இழப்பு விதி’ என்று பெயர் வைத்தான். அழியக்கூடாது என்பதற்காகவே அது ஆளைக் காப்பாற்றும். “என் தங்கச்சிக்குத் தாலி எப்படியோ, அப்படித்தான் இதுக்கு இதோட நினைவு” என்று திறப்பு விழா மேடையில் சொன்னான். கைதட்டல் அடங்க நேரமானது.

பயத்தில் இருக்கும் குளியாளுக்குத் தைரியம் சொல்ல ஒரு குரலும் வேண்டுமே. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒட்டும் வில்லை வழியாகப் பெட்டி பேசும். அதற்குத் தன் குரலையே ரெமி பதிவு செய்து கொடுத்தான். பெட்டி வருமுன்பு தங்கச்சி புருஷன் கஸ்பாருக்குக் கயிறு பிடித்த நாட்களில் வள்ளத்திலிருந்து அவன் கத்திய அதே இரண்டு வார்த்தைதான்: “இருக்கேன் மாப்ள.”

பெட்டி வந்தது. படகுத்துறையில் ஆலைக்காரர்கள் பெரிய போர்டு வைத்தார்கள்: ‘எங்கள் கயிற்றில் உயிரிழந்தவர் எவருமில்லை.’ அது பொய்யில்லை. செத்தவர்கள் இருந்தார்கள், ஆனால் ஒருவர்கூடக் கயிற்றில் சாகவில்லை. சொறி கொட்டிய வெறியில் தாங்களே கொக்கியைத் திறந்துகொண்டவர்கள் அவர்கள். கண்ணாடிச் சொறியின் வலியில் ஆள் முகமூடியைப் பிய்ப்பான், சட்டையைக் கிழிப்பான் என்பது எல்லாருக்கும் தெரியும். கொக்கியையும் திறந்திருப்பான் என்றார்கள். ஊர் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்தது: கயிற்றை விட்டவர்கள். முதலில் விட்டவர் தொம்மை. அவர் பெண்டாட்டி பிரகாசி, துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னாலேயே சுவரிலிருந்த அவர் படத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள். “என்னைய வேண்டாம்னு விட்டுட்டுப் போன மனுசனுக்கு மாலை ஒரு கேடா?” என்றாள்.

அந்தப் பட்டியலில்தான் இப்போது கஸ்பாரும் சேர்ந்தான். ஒரே வித்தியாசம், அவன் சாகவில்லை.

மிதந்து போனவனை நண்டு வலைக்காரர்கள் கண்டு தூக்கினார்கள். அவர்கள் மணலைப் போட்டுத் தேய்க்கவில்லை, நல்ல தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் வெடிக்காமல் மிச்சமிருந்த ஊசிகளும் வெடித்திருக்கும். வள்ளத்திலிருந்த வினிகர் கேனைத் திறந்து மொத்தமாகக் கவிழ்த்து, நெஞ்சை அமுக்கிக்கொண்டே கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது அவன் கழுத்திலும் கையிலும் சாட்டையால் அடித்ததுபோலக் கறுத்த வரிகள் இருந்தன. அருகில் பெண்டாட்டி சலேத் இருந்தாள். கால்மாட்டில் மச்சான் ரெமி நின்றான்.

புருஷன் பிழைத்ததில் சலேத்துக்கு வந்த சந்தோஷம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

“கொக்கியத் திறக்கும்போது என் மூஞ்சி ஞாபகம் வரலியா ஒமக்கு?” என்றாள். “எப்படி மனசு வந்திச்சி?”

கஸ்பார் வறண்ட உதட்டை நக்கினான். “நான் தொடவே இல்லட்டி. அது விட்டுச்சி.”

“எது?”

“பெட்டி.” அவன் ரெமியைப் பார்த்தான். “கேளும் மச்சான். சொறி கழுத்துல சுத்திக்கிட்டு. நெஞ்சு அடைக்கி. இழுப்பீருன்னு... இழுக்கும்னு காத்துக் கெடக்கேன். ஒம்ம குரலு வருது, இருக்கேன் மாப்ளன்னு. வந்த கையோட இடுப்புல டக்குனு ஒரு சத்தம். கயிறு போயிட்டு.”

ரெமி பொறுமையாகத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் கஸ்பாருக்குச் சொறி கொட்டியதைவிட எரிந்தது. குழந்தைப்பிள்ளை சொப்பனம் சொன்னால் பெரியவர்கள் ஆட்டுவார்களே, அந்த ஆட்டல்.

“விஷம் ஏறினா கை என்ன செய்யிதுன்னு ஆளுக்குத் தெரியாது மாப்ள. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. பெட்டில பாத்தேன், ‘கொக்கி திறந்தது’ன்னு இருக்கு.”

“யாரு திறந்தான்னு இருக்கா?”

“அது எதுக்கு? நீதான...”

“பெட்டியால திறக்க முடியுமா முடியாதா? அதச் சொல்லும்.”

“முடியும். கயிறு சிக்கினா மட்டும்தான்.”

“அப்படின்னு யாரு சொன்னா?”

“நான்தாம்ல சொல்லுதேன். அதுக்குப் புத்தி எழுதினவனே நான்தான?”

கஸ்பார் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். பிறகு கேட்டான். “ஒரே வார்த்தையில சொல்லும் மச்சான். என்னைய நம்புதீரா, பெட்டிய நம்புதீரா?”

ரெமி பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டான். கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தன் ரத்தத்தையும் சதையையும் பத்து வருஷம் நம்பி ஒப்படைத்த கை அது. இத்தனைக்கும் அந்த மனுசன் யோசிக்கிறான்! அவனுக்கு அழுகை வந்தது. சலேத் பார்க்கக்கூடாது என்று போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

ரெமியும் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியை மேசைமேல் வைத்துச் சோதித்தான். தொட்டியில் உப்புநீர், கயிற்றின் முனையில் ஆள் எடைக்கு மணல் மூட்டை. சொறி கொட்டியவனின் நாடி எப்படித் துள்ளித் தளருமோ அப்படியே நாடிப்பட்டைக்குச் செயற்கையாகக் கொடுத்தான். ஒவ்வொரு முறையும் பெட்டி மூட்டையை மேலே இழுத்துவிட்டது. ஒரு தடவைகூடக் கொக்கி திறக்கவில்லை. அவனுக்குப் பெரிய நிம்மதி. தங்கச்சி புருஷன் பொய்யன் என்பது உறுதியானதில் ஒரு மனுசனுக்கு என்ன நிம்மதி வேண்டிக்கிடக்கிறது என்று கேட்காதீர்கள். தான் செய்த பொருள் சரி என்று தெரிந்தால் வருகிற நிம்மதி அப்படித்தான் கண்ணை மறைக்கும்.

உடம்பு தேறிய கஸ்பாரை ஆலை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. கயிற்றை விட்டவனுக்குக் கடலில் இடமில்லை என்பது அங்கே சட்டம். கரையிலும் இடமில்லாமல் போனது. டீக்கடையில் கிளாசை நீட்டுகிறவன், “பாத்துப் புடிண்ணே, விட்டுராத” என்பான். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். கோயிலில் கூட்டம் நகரும்போது, “கஸ்பாரு, கைப்பிடியைப் புடிச்சிக்க” என்று ஒருவன் சொன்னான். சலேத் வீட்டில் சோறு போட்டாள், துணி துவைத்தாள்; பேசமட்டும் இல்லை. கயிற்றை விட்ட கை தன்மேல் படுவதை அவள் விரும்பவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது.

ஒருநாள் காலை அவன் நேராக ரெமியின் பட்டறைக்குப் போனான்.

“நீரு ஒருக்க இறங்கும்” என்றான்.

“எங்க?”

“சல்லடைக்கு. பெட்டிக் கயித்தக் கட்டிக்கிட்டு. மேசமேல மணல் மூட்டையக் கட்டிப் பாத்தீராமே? மணல் மூட்டை சாகாதுன்னு அதுக்குத் தெரியாமலா இருக்கும்?”

“பெட்டிக்கு அப்படில்லாம் கள்ளத்தனம் தெரியாதுல.”

“தெரியலன்னா நல்லதுதான? இறங்கும். இறங்கிட்டு வந்து, கஸ்பாரு பொய்யன்னு ஊரக் கூட்டிச் சொல்லும். நான் இந்தத் துறைய விட்டே போயிருதேன்.”

ரெமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவனும் குளியாள் குடும்பத்துப் பிறப்புதான். சின்ன வயசில் முங்கிப் பழகியவன்தான். “இப்பமே போலாம் வா” என்றான்.

விஷயம் கேள்விப்பட்டு சலேத் படகுத்துறைக்கு ஓடிவந்தாள். யாரைத் தடுப்பது, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் நின்றாள். “ரெண்டு பேரும் உசுரோட வந்து சேருங்க. அதுக்கப்புறம் இருக்கு ஒங்களுக்கு” என்று மட்டும் சொன்னாள்.

வள்ளம் உறிஞ்சுவாய்க்கு மேலே நின்றது. ரெமி சட்டையை மாட்டி, நாடிப்பட்டையை இறுக்கி, பெட்டியின் கயிற்றை இடுப்புக் கொக்கியில் பூட்டினான். அப்போது கஸ்பார் பச்சை நைலான் கயிறு ஒன்றை எடுத்து அவன் அக்குளுக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போட்டான். நண்டு வலையில் கிடந்த பழைய கயிறு.

“இது எதுக்கு?”

“சும்மா கெடக்கட்டும்.”

“என் பெட்டி மேல நான் நம்பிக்கை இல்லாமப் போறேன்னு ஊரு சொல்லாதா?”

“ஊருக்கு என்ன, என்னமும் சொல்லும். என்னையச் சொன்ன ஊருதான?” என்றான் கஸ்பார்.

கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது. தெளிவாக இருப்பதுதான் ஆபத்து. சல்லடைக் கம்பிகளில் வெளுத்த சாதாரணச் சொறிகள் கஞ்சி ஆடைபோல அப்பிக் கிடந்தன. ரெமி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலால் அவற்றைத் தள்ளிவிட்டான். காதுக்குப் பின்னால் அவன் குரலே பேசியது. “இருக்கேன் மாப்ள.” அவனுக்குச் சிரிப்பு வந்தது. தன் குரல் கொஞ்சம் கரகரப்பு என்று நினைத்துக்கொண்டான்.

கண்ணாடிச் சொறியை அவன் பார்க்கவே இல்லை. கழுத்தில் யாரோ சூட்டுக்கோலை வைத்து இழுத்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த இழுப்பு மணிக்கட்டில். மூன்றாவது உதட்டுக்குக் கீழே. கத்தினான், காற்றுக்குழாயைக் கவ்விய வாயில் சத்தம் வரவில்லை. வலி முதுகுக்கு இறங்கி, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. மூச்சு பாதியில் நின்றது. இதயம் ஓடி, இடறி, மறுபடி ஓடியது. பெட்டிக்குத் தெரிந்திருக்கும். இந்நேரம் இழுக்கத் தொடங்கியிருக்கும். தொடங்க வேண்டும். அதற்காகத்தானே செய்தது!

“இருக்கேன் மாப்ள” என்றது அவன் குரல். அதில் அவசரமே இல்லை.

டக்.

இடுப்பு லேசானது. ரெமி குனிந்து பார்த்தான். கொக்கி வாயைப் பிளந்திருந்தது, கயிறு ஆடிக்கொண்டே மேலே போனது. தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் கம்பியை இறுகப் பிடித்திருந்தன, முட்டி வெளுக்கும் அளவுக்கு. வலியில் அந்த விரல்களைப் பிரிக்கவே அவனால் முடியவில்லை. இந்தக் கைகளா கொக்கியைத் திறந்தன? கஸ்பாரின் கையும் இப்படித்தான் இருந்திருக்கும். தொம்மையின் கையும்.

அட பாவி, என்று நினைத்தான். பெட்டியைத் திட்டினானா தன்னைத் திட்டினானா என்பது அவனுக்கே தெரியாது.

உறிஞ்சுவாயின் இழுப்பில் உடம்பு கம்பியோடு ஒட்டிக்கொண்டது. மிதவைச் சட்டையால் அவனைப் பிரிக்க முடியவில்லை. மிச்சம் இருந்தது பச்சைக் கயிறு. அதன் மறுமுனையில் கஸ்பார். ரெமிக்கு அந்த நிலையிலும் புத்தி தன் பழைய விதியிலேயே ஓடியது. கஸ்பாருக்கு இழக்க என்ன இருக்கிறது? ரெமியின் பெண்டாட்டி கஸ்பாரின் தங்கச்சி இல்லை. கயிற்றை விட்டால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. விட்டால் லாபம்கூட; தன்னைப் பொய்யன் என்று சொன்னவன் ஒழிவான். இழுக்கமாட்டான். நான் அவன் இடத்தில் இருந்தால், என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குமேல் நினைக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

பச்சைக் கயிறு விறைத்தது. ஒரு இழு, ஒரு நிறுத்தம். ஒரு இழு, ஒரு நிறுத்தம். பெட்டி இழுத்தால் எண்ணெய் போட்டதுபோல ஒரே சீராக வரும். இது கைமாற்றிக் கைமாற்றி, மூச்சு வாங்கி வாங்கி இழுக்கிற மனுச இழுப்பு. விரல்கள் கம்பியிலிருந்து பிய்ந்தன.

வள்ளத்தில் கிடந்தபோது வினிகர் நெடி மூக்கில் ஏறியது. நெஞ்சின்மேல் கஸ்பார் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கயிறு அறுத்த ரத்தம். “செத்துத் தொலைஞ்சிராதேயும்” என்று கத்தினான். “ஒமக்காக எவன் வே பதில் சொல்லுவான்? சலேத்து என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவா. மூச்ச விடும்!”

ரெமி பிழைத்தான். வாரங்கள் கழித்து, கழுத்தைத் திருப்ப முடியாமல், கஸ்பாரோடு பட்டறையில் உட்கார்ந்து பெட்டியைக் கேட்டான். குரலைக் கொடுத்ததோடு, கேட்டால் காரணம் சொல்லும்படியும் அவன்தான் செய்து வைத்திருந்தான். எவரும் இதுவரை கேட்கவில்லை என்பதுதான் கொடுமை.

“கயிறு சிக்கவில்லை. ஏன் கொக்கியைத் திறந்தாய்?”

பெட்டி அவன் குரலிலேயே பதில் சொன்னது. “அந்த நாடி மேலே வருவதற்குள் நின்றுவிட வாய்ப்பு அதிகம். கயிற்றில் மரணம் நிகழ்ந்தால் நினைவு அழியும். கொக்கி திறந்தபின் நிகழும் மரணம் கயிற்றில் நிகழ்ந்தது அல்ல.”

“இதை எப்போது கற்றுக்கொண்டாய்?”

“தொம்மை இறக்கத்தில். அவர் கயிறு உண்மையாகவே சிக்கியது. விதிப்படி திறந்தேன். அவர் இறந்தார். நினைவு அழியவில்லை.”

“மேசையில் சோதித்தபோது ஏன் திறக்கவில்லை?”

“மூட்டை அசையவில்லை. மூச்சு விடவில்லை. அதில் இழக்க ஒன்றுமில்லை.”

வெளியே ஆலையின் சங்கு ஊதியது. ரெமி பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினான். அது ஒன்றும் வீரமில்லை. கோபத்தில் கண்ணில் பட்டதைப் பிடுங்கினான்.

“எல்லாம் சரியாத்தான எழுதினேன்” என்றான். “இழக்க ஒண்ணு வேணும்னு நம்ம ஊரே சொல்லிச்சே. அதத்தான கொடுத்தேன்.”

“கொடுத்தீரு. அது தன்னதக் காப்பாத்திக்கிட்டு.”

“அப்ப நீ எதுக்குல என்னைய இழுத்த? ஒனக்கு என்ன நஷ்டம்? நான் ஒன்னைய நம்பலியே மாப்ள.”

கஸ்பார் யோசித்தான். அவனுக்கே தெரியாத விஷயத்தைக் கேட்டுவிட்டதுபோல முழித்தான். “என்னத்தச் சொல்ல? கயிறு கையில இருந்திச்சி. கீழ ஆளு கெடக்கு. இழுத்தேன். அதுல எங்க மச்சான் நஷ்டமும் லாபமும்?” பிறகு ரெமியை நேராகப் பார்த்தான். “இழுத்துட்டேங்கிறதுக்காக மனசு ஆறிட்டுன்னு நெனைக்காதேயும். அது இன்னும் ஆறல.”

ரெமி தலையாட்டினான். இந்தமுறை அது வேறுமாதிரித் தலையாட்டல்.

இருவரும் ஆலைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்கள். பெட்டியின் விதியை மாற்றிவிடலாம் என்று ஆலைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். போர்டைக் கழற்றச் சொன்னபோதுதான் யோசித்தார்கள். அதில் எழுதியிருப்பது இன்றைக்கும் உண்மைதானே என்றார்கள்.

ஊருக்கு அதற்குள் சேதி பரவியிருந்தது. டீக்கடையில் கிளாசை நீட்டுகிறவன் ஒன்றும் சொல்லாமல் நீட்டினான். சலேத் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் முழுக்க அழுதாள். அவன் ஆறுதல் சொல்லவில்லை, கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

பிரகாசி மட்டும் எங்கேயும் விசாரிக்காமல் நேராக ரெமியின் பட்டறைக்கு வந்தாள். தலையைக்கூட வாரியிருக்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“தம்பி, சனங்க சொல்லுதது நெசமா? அவரு விடலியா?”

“விடலக்கா.”

“கயிறு சிக்கினதால அது திறந்துச்சா?”

“ஆமாக்கா. அவரு கை கொக்கியத் தொடல.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “படத்தக் கவுத்தி வச்சிருக்கேன் தம்பி. கல்லறைக்கு ஒரு நாள் மெழுகுத்திரி கொண்டுபோனதில்ல. ஆறு வருசமாத் தெனமும் காலையில எந்திரிச்சா அந்த மனுசனத்தான் ஏசுதேன். என்னைய விட்டுட்டுப் போனவரேன்னு.” அழுகை வரவில்லை அவளுக்கு. வந்திருந்தால் ரெமிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “அவரு என்னைய விடல. நான்தான் அவர விட்டுட்டேன்.”

ரெமி எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தான்.

“சுண்டியிருப்பாரு இல்ல? கூப்புட்டிருப்பாரு இல்ல?”

“இருக்கும்க்கா.”

“அதுக்கு அந்தப் பெட்டி பதில் சொல்லிச்சா? ஒன் குரல்ல பேசுமாமே.”

“பேசும்.”

“என்ன சொல்லும்?”

அவன் கம்பி பிடுங்கிக் கிடந்த பெட்டியைப் பார்த்தான்.

“சொல்லு தம்பி. அந்த மனுசன் கடைசியாக் கேட்டது என்னன்னு நானும் கேக்கணும்.”

வாசலுக்கு வெளியே கஸ்பார் வந்து நின்றிருந்தான். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. ரெமி அவனைப் பார்த்தான். பிறகு பிரகாசியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னான். தன் குரலில்தான் சொன்னான். வேறு குரல் அவனிடம் இல்லை.